முக்காடு போட்ட போட்டோ

இயேசு மரி சூசை

காட்பாடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் ரெண்டாவது நிமிஷமே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம். இங்கே பதினோரு மணிக்கு மேல் வெளியே தலை காட்ட முடியவில்லை. வேலூர் வெயிலை நான் சொல்லியா நீ தெரிந்துகொள்ள வேண்டும்! உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது.

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தோம். கறுப்பு லேஸ் முக்காடு, கையில் சிவப்பு அட்டை போட்ட லத்தீன் பூசைப் புத்தகம். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இவ காலேஜ் படிக்கிறப்ப நான் கோயில்ல முந்தானையை இழுத்துத் தலையில போட்டா 'பட்டிக்காடு மாதிரி ஏம்மா'ன்னு சொன்னவ இவதானே?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ கோபப்படாதே.

ஆனால் போட்டோவுக்குக் கீழே நீ எழுதியிருந்த வரிக்குச் சிரிப்பு வரவில்லை. 'இதுதான் உண்மையான பூசை, நம்ம ஊரில் நடப்பது கச்சேரி' என்று எழுதியிருந்தாய். அந்தக் கச்சேரியில் 31 வருஷம் ஆர்மோனியம் வாசித்தவன் உன் அப்பா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ இப்போது கண்டுபிடித்திருக்கும் அந்தப் பழைய லத்தீன் பூசையில் நான் பீடச் சிறுவனாக உதவி செய்திருக்கிறேன். 1964, எனக்கு ஒன்பது வயது, திருவண்ணாமலை மாவட்டச் சேத்துப்பட்டுப் பக்கம் நம்ம ஊர்க் கோயில். உபதேசியார் லத்தீன் பதில்களைத் தமிழ் எழுத்தில் ஒரு கோடு போட்ட தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். மாட்டுக் கொட்டகையில் நின்று நெட்டுருப் போடுவேன். பீடத்தடியில் சாமியார் 'இந்த்ரோயிபோ' என்று ஆரம்பித்ததும், நான் 'ஆத் தேயும் குயி லெத்திஃபிகாத் யுவந்தூத்தம் மெயாம்' என்று ஒரே மூச்சில் விடவேண்டும். நிறுத்தினால் மறந்துபோகும். 'என் இளமைக்கு மகிழ்ச்சி தரும் கடவுளிடம்' என்று அதற்குப் பொருளாம். எனக்கு அது தெரிய வந்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, புதிய முறையில் அந்தச் செபமும் இல்லை. இளமை இருந்தபோது பொருள் தெரியவில்லை, பொருள் தெரிந்தபோது இளமை இல்லை, போ.

உன் பாட்டி என்ன செய்வாள் தெரியுமா? தரையில் உட்கார்ந்து ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொல்லிக்கொண்டிருப்பாள். சாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு நடுப்பூசையை வாய்க்குள்ளேயே சொல்வார். சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு நான் மணி அடித்ததும் பாட்டி தலை நிமிர்ந்து பார்த்து, 'ஆண்டவரே' என்று முனகிவிட்டு, விட்ட மணியிலிருந்து தொடர்வாள். அவள் பக்தியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பீடத்தில் ஒன்று, தரையில் ஒன்று என்று ரெண்டு காரியம் நடந்தது. 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்று அவள் சொன்னதெல்லாம் தமிழ். தவசு காலத்தில் பொம்பளைகள் கூடி உட்கார்ந்து மாதாவின் வியாகுலத்தைப் புலம்பலாகப் பாடியதும் தமிழ். பாஸ்கா நாடகம், தேர், கொடி எல்லாமே தமிழ். பாரம்பரியம் பாரம்பரியம் என்கிறாயே, நம்ம வீட்டுப் பாரம்பரியம் பூசைப் புத்தகத்தில் இல்லை பாப்பா, அதைச் சுற்றித் தரையில் இருந்தது.

நாலு பேர் சேர்ந்து ரோமாபுரியில் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். 1963 டிசம்பர் 4ஆம் தேதி, உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், வழிபாடு பற்றிய ஏட்டுக்கு ஆதரவாக விழுந்த வாக்கு 2,147, எதிராக 4. நாலு பேர் என்ற கணக்கு அந்தப் பக்கம்தான் வருகிறது. ஆனால் உனக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்கிறேன். அதே ஏட்டில் 36ஆம் எண் லத்தீனைக் காக்கச் சொல்கிறது. 116ஆம் எண் கிரகோரியன் என்ற பழைய லத்தீன் பாடலுக்கு முதலிடம் என்கிறது. அதை எங்கள் பக்கம் யாரும் வாசித்துக் காட்டவில்லை. 1969இல் புதிய பூசை முறை வந்தது, பழைய புத்தகத்தை ஓரம் கட்டினோம், அவ்வளவுதான். ஞாயிறு வாசகங்கள் மூன்று வருஷச் சுழற்சியாக ஆனது பெரிய லாபம். பாட்டிக்கு எசேக்கியேல் என்று ஒருவர் இருப்பதே அப்புறம்தான் தெரியும்.

அதே 1969இல் இந்தியாவுக்கென்று 12 மாற்றங்களை ரோமாபுரி அனுமதித்தது. தரையில் அமர்ந்து பூசை செய்யலாம், பீடத்தை முத்தமிடுவதற்குப் பதில் கைகூப்பி வணங்கலாம், குத்துவிளக்கு, ஆரத்தி, பூசை உடுப்புக்குப் பதில் சால்வை, இப்படி. பெங்களூரில் 1967இல் தேசிய மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தைத் தொடங்கிய அமலோர்பவதாஸ் சாமியார் இதற்கெல்லாம் முன்னே நின்றார், நம்ம தமிழர்தான். ஆரத்தித் தட்டு எங்கள் பீடத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. பறை வர இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. ஏன் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் எள்ளுத்தாத்தா பறையடித்தவர். 1876 பஞ்சத்துக்குப் பிறகு, சேத்துப்பட்டில் வேதம் போதித்த பிரெஞ்சுக்காரர் தராஸ் சாமியார் காலத்தில், குடும்பமாக ஞானஸ்நானம் வாங்கினார்கள். வேதத்துக்கு வந்ததும் பறையைத் தொடக்கூடாது என்று முடிவாயிற்று. சாவுக்கு அடிப்பது போயிற்று, கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது போயிற்று. வீட்டில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். தொண்ணூறுகளில் ஒரு இளம் சாமியார் வந்தார், நல்ல மனுஷர். காணிக்கைப் பவனிக்குப் பறை அடித்து வரலாம், அது நம் கலை, நம் மானம் என்றார். எங்கள் பையன்கள் சேத்துப்பட்டுப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார்கள். வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, கோயில் வாசலில் நின்று தட்டிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பவனி நடுக்கோயிலுக்கு வந்தபோது பாட்டி எழுந்தாள். முந்தானையைக் காதோடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டு வெளியே போய்ப் புங்க மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். பூசை முடிந்து நான் போனதும் கேட்டாள், "இதை விடத்தானேடா நாம வேதத்துக்கு வந்தோம்?"

நான் சாமியார் சொன்னதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. சாகும்வரை காணிக்கை நேரத்தில் வெளியே போய் உட்கார்ந்தாள். சாமியார் சொன்னதும் சரி, பாட்டி எழுந்து போனதும் சரி. பழசா புதுசா என்று நீ ஒரு வரியில் முடித்தபோது எனக்கு அந்தப் புங்க மரம்தான் ஞாபகம் வந்தது.

இப்போது உன் கட்சிக்கு வருகிறேன். இங்கே கோயிலில் சத்தம் அதிகம்தான், மறுக்கவில்லை. ரெண்டு ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர், பாட்டு வரிக்குத் திரை. கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் தாளம் தானாக ஓடுகிறது. நற்கருணை வாங்கிவிட்டு வந்து முழங்கால் போட்டால் ஒரு நிமிஷம் ஆண்டவரோடு பேச விடமாட்டேன் என்கிறார்கள், அடுத்த பாட்டு ஆரம்பித்துவிடுகிறது. கீபோர்டு வந்த அன்று என் ஆர்மோனியத்தைப் பாத்திர அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாவது வாரம் நானே ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். துருத்தியில் எலி கடித்திருந்தது. இதையெல்லாம் எழுதுவது ஏன் என்றால், உன் பூசையை எடுத்துவிடுவார்களோ என்ற உன் பயம் எனக்குப் புரிகிறது. 2007இல் பெனடிக்ட் பாப்பரசர் தாராளமாகத் திறந்துவிட்டதை 2021இல் பிரான்சிஸ் பாப்பரசர் ஆயர் கைக்கு மாற்றி இறுக்கினார். மேலே இருப்பவர்கள் முடிவெடுப்பார்கள், கீழே ஆர்மோனியம் அலமாரிக்குப் போகும். எங்களையும் 1969இல் யாரும் கேட்கவில்லை.

அந்த அமைதி உனக்குப் பிடித்திருந்தால் போ. நடுப்பூசையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி எனக்கும் ஞாபகம் இருக்கிறது. சில நாள் ஏங்கவும் செய்கிறேன். ஆனால் இங்கே கீபோர்டு வாசிக்கிற பையன் காலையில் பால் ஊற்றிவிட்டு, சட்டை மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வருகிறவன். அவன் வாசிப்பதைக் கச்சேரி என்று அவன் காதுபடச் சொல்லிவிடாதே. எனக்கு எழுதியது போதும்.

கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டாயா? வரும்போது அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்தைக் கொண்டு வா. ஒன்பது வயதில் நான் சொன்ன பதில்களில் எத்தனை தப்பு என்று பார்க்க வேண்டும். துருத்திக்குத் தோல் ஒட்டிவிட்டேன், ஒரு ரீடு மட்டும் இன்னும் இழுக்கிறது.

அப்புறம், அந்த லேஸ் முக்காடு ரெண்டு வாங்கி வரச் சொன்னாள் அம்மா. ஒன்று அவளுக்காம்.

அன்புடன்,
அப்பா