பள்ளிக் கால்பந்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி ஆட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வட்டாரப் பள்ளிகளுக்கிடையே நடந்த 13 வயதுக்குட்பட்டோர் கால்பந்துப் பருவம் முடிந்து பரிசளிப்பும் நடந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஒரு பள்ளியின் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அடங்கிய அணிக்கு ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை பயிற்சியாளராகத் தொண்டு செய்தவன் நான். அடுத்த ஆண்டுக்கான போட்டி விதிகளை வகுக்கப்போகும் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் தங்கள் இதழ் வழியாக ஒரே ஒரு கோரிக்கையை வைக்க விரும்புகிறேன். அணிப்பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரமாவது களத்தில் ஆட வேண்டும் என்பதை எழுதப்பட்ட விதியாக்குங்கள். பயிற்சியாளரின் நல்லெண்ணத்துக்கு அதை விட்டுவிட வேண்டாம். நல்லெண்ணம் என்னிடமும் இருந்தது; அது போதவில்லை.

எங்கள் அணியில் 15 பேர். முதல் மூன்று ஆட்டங்களிலும் பலசாலிகள் என்று எனக்குத் தோன்றிய 11 பேரையே இறக்கினேன். மற்ற நால்வரும் கோட்டுக்கு வெளியே, குளிருக்குச் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் பின்கள ஆட்டக்காரன், அணியிலேயே குட்டையானவன். ஒவ்வொரு முறையும் காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டு, கணைக்கால் காப்பைச் சரிசெய்துகொண்டு, இதோ கூப்பிடப் போகிறார்கள் என்ற முகத்தோடு இருப்பான். மூன்றாவது ஆட்டத்தில் நாங்கள் நான்கு கோல் முன்னால் இருந்தோம், முடியப் பத்து நிமிடம் இருந்தது. அப்போதும் நான் அவனை அனுப்பவில்லை. கோல் வித்தியாசம் பட்டியலில் உதவுமே என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை பள்ளி வாசலில் அவனுடைய ஆயா என்னை நிறுத்தினார். கோபமாக எதுவும் சொல்லவில்லை. "தம்பி, கோயில்ல ஆடிக் கூழ் ஊத்தறப்போ வரிசையில நிக்கிறவன் பலசாலியா, நோஞ்சானான்னு பாத்தா ஊத்தறோம்? பையன் மூணு வாரமா பூட்ஸைத் தொடச்சுத் தொடச்சு வைக்கிறான். ஒரு தரம் உள்ள விடுங்க" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு நோட்டுப்புத்தகத்தை எடுத்து, யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று எழுதிப் பார்த்தேன். அந்த நால்வருக்கும் மூன்று ஆட்டங்களிலும் சேர்த்துக் கிடைத்தது சுழியம்.

வயதுச் சான்றுப் படிவத்தை நிரப்பும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. வயது ஜனவரி முதல் தேதியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நான் இறக்கிய 11 பேரில் எட்டுப் பேர் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் பிறந்தவர்கள். உட்கார்ந்திருந்த நால்வருமே செப்டம்பருக்குப் பிறகு பிறந்தவர்கள். கனடாவில் பனி ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தவர்கள் 1985ஆம் ஆண்டிலேயே இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். வயது எல்லைத் தேதிக்குப் பின் உடனே பிறந்த பிள்ளைகள் ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் மூத்தவர்களாக, உயரமானவர்களாக நிற்கிறார்கள், அவர்களே பொறுக்கப்படுகிறார்கள், பொறுக்கப்பட்டதால் கூடுதலாக ஆடி உண்மையாகவே தேர்ந்தவர்களாகிவிடுகிறார்கள். பிற்பாடு கால்பந்திலும் இதே போக்கு கண்டறியப்பட்டது. பன்னிரண்டு வயதில் பத்து மாத இடைவெளி என்பது ஒரு பிள்ளையின் தோள் அகலத்தில் தெரியும், ஓட்டத்தில் தெரியும். நான் திறமை என்று நினைத்து மதிப்பெண் போட்டதில் பாதி, நாட்காட்டி போட்ட மதிப்பெண்.

விதி வந்தால் ஆட்டத்தின் தரம் கெடும் என்பவர்கள் தயவுசெய்து இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்டம் இரு பாதிகளாக 50 நிமிடம். களத்தில் 11 இடம் என்றால் ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்குக் கிடைப்பது 550 நிமிடம். 15 பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 25 நிமிடம் உறுதியாகக் கொடுத்தாலும் செலவாவது 375 நிமிடந்தான். மீதி 175 நிமிடத்தைப் பயிற்சியாளர் தம் விருப்பப்படி வலுவானவர்களுக்குக் கொடுக்கலாம். எவரையும் சமமாக நறுக்கச் சொல்லவில்லை. எவரையும் சுழியத்தில் விடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். இதற்கு ஆட்ட விதிகளிலும் தடை இல்லை. சிறுவர் கால்பந்தில் வெளியே வந்த ஆட்டக்காரர் மீண்டும் உள்ளே போகலாம் என்று அனுமதிக்கும் உரிமையைச் சர்வதேச விதிப்புத்தகமே தேசியக் கால்பந்துச் சங்கங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

நான்காவது ஆட்டத்திலிருந்து நான் இதைச் செயல்படுத்தினேன். அதற்கடுத்த இரண்டு ஆட்டங்களில் தோற்றோம் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு தந்தை, என் மகனை வெளியே உட்காரவைத்துவிட்டு ஓடத் தெரியாதவனை இறக்குகிறீர்களே என்று எல்லார் முன்னிலும் கேட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆனால் அவருடைய மகனைப் பற்றி அவரே அறியாத ஒன்றையும் நான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பையன் எங்கள் முன்களத்தின் முதுகெலும்பு. மூன்று வாரமாகக் குதிகால் வலியோடு நொண்டி நொண்டி ஆடிக்கொண்டிருந்தான். எட்டு வயது முதல் பதினான்கு வயதுவரை, குதிகால் எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் பருவத்தில், ஓயாமல் ஓடிக் குதிக்கிற பிள்ளைகளுக்கு இந்த வலி வருவதுண்டு. மருத்துவரும் அதையேதான் சொன்னார்: எலும்பு முறிவில்லை, ஓட்டத்தைக் குறையுங்கள், சரியாகிவிடும். எல்லாரையும் ஆடவைக்கும் விதி வலுவில்லாத பிள்ளைக்குச் செய்யும் சலுகை என்று பலர் எண்ணுகிறார்கள். வலுவான பிள்ளையின் குதிகாலையும் முழங்காலையும் காப்பதும் அந்த விதியே.

பயிற்சி நாட்களைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்ட நேரமும் பயிற்சியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. செவ்வாயும் வியாழனும் பள்ளி விட்ட பிறகு பயிற்சி. ஜூன் மாதத்தில் டர்பனில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். எங்கள் பிள்ளைகளில் ஆறு பேர் உம்லாசியிலிருந்தும் வெல்பெடாக்டிலிருந்தும் மினிபஸ் டாக்சியில் வருகிறவர்கள். நான்கு மணிக்கு டாக்சி வாசலில் நின்று ஒலி எழுப்பும். "ஷெஷா, ஷெஷா" என்று ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டு, பாதிப் பயிற்சியில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பயிற்சிக்கு முழுமையாக வருகிறவர்களுக்கே ஆட்டத்தில் இடம் என்று ஒரு வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன்படி வெளியே உட்காருகிறவர்கள் யார்? காரில் வந்து அழைத்துப்போக ஆளில்லாத பிள்ளைகள்.

அந்தக் குறைந்த நேரத்தில் செய்ய முடிந்தவற்றைச் செய்தோம். களத்தை நாலு துண்டாகக் கூம்பு வைத்துப் பிரித்து, நால்வருக்கு நால்வர் என்று ஆடவிட்டோம். சிறிய இடத்தில் ஒவ்வொரு பிள்ளையின் காலுக்கும் பந்து அடிக்கடி வரும். ஐந்தாம் எண் பந்துக்குப் பதில் சற்றுச் சிறிய நான்காம் எண் பந்தைப் பயன்படுத்தினோம். தலையால் முட்டுவதைப் பயிற்சியில் சேர்க்கவில்லை. இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அதைப் பயிற்றுவிக்க வேண்டாம் என்று 2020ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தப்பட்டுவிட்டது. கோல் கம்பங்கள் மட்டும் பெரியவர்களுக்கானவையே: 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். எங்கள் கோல்கீப்பர் எவ்வளவு எம்பினாலும் குறுக்குக் கம்பம் அவளுக்கு எட்டாது. ஆம், எங்கள் கோல்கீப்பர் ஒரு பெண். 2022இல் நம் நாட்டு மகளிர் அணியான பன்யானா பன்யானா மகளிர் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற செய்தியை அவள் தன் பயிற்சிப் புத்தக அட்டைக்குள் ஒட்டிவைத்திருக்கிறாள்.

இவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் ஆட்டத்தில் கால்வைக்காத பிள்ளை கற்பது மிகக் குறைவு. எதிரணி நெருங்கி வரும்போது பந்தை யாருக்குத் தள்ளுவது, எப்போது நின்று ஆஃப்சைடுக் கோட்டைக் காப்பது என்பவற்றை ஆட்டமே சொல்லித் தருகிறது. நான் கவனித்த மற்றொன்றும் உண்டு. இடைவேளையில் நார்ச்சிப் பழம் (சிறு ஆரஞ்சு வகை) கொடுப்பது இங்கே குளிர்கால வழக்கம். நம் நாரத்தை என்ற சொல்தான் இந்நாட்டு மொழியில் அப்படி ஆனது என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்வேன். முதல் மூன்று ஆட்டங்களிலும் அந்த நால்வர் பழக்கூடைக்குக் கை நீட்டவே இல்லை. நான் எடுத்துக் கொடுத்தபோதும், "நாங்க ஆடலையே, சார்" என்றார்கள். அந்தச் சொல் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

போட்டி மனப்பான்மை குறைந்தால் நாம் எப்படி வீரர்களை உருவாக்குவோம் என்று மூத்தவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் எதை நினைத்துக் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். என் தகப்பனார் டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் பிறந்து வளர்ந்தவர். 1960களில் அங்கிருந்து சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்து இறக்கப்பட்ட குடும்பம் எங்களுடையது. கரீஸ் பவுண்டன் மைதானத்தில், இந்தியர் அணிகள் மோதிய சாம் சைனா கோப்பை ஆட்டம் பார்த்த கதைகளைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். 1928இல் தொடங்கப்பட்ட டர்பன் அணியான மானிங் ரேஞ்சர்ஸ், 1996-97இல் தென்னாப்பிரிக்கப் பிரீமியர் லீகின் முதல் பட்டத்தையே வென்றபோது எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் யாரும் தூங்கவில்லை. ஆனால் அந்தத் தலைமுறை எங்கே ஆடக் கற்றது? பேரக்ஸின் முற்றத்திலும் தெருமுனையிலும். அங்கே வெளியே உட்காரும் பெஞ்சு கிடையாது. வந்தவன் எல்லாம் ஏதோ ஓர் அணியில் சேர்க்கப்பட்டான். இருபது பேர் வந்தால் பத்துக்குப் பத்து, ஒருவன் அதிகம் வந்தால் அவனும் எங்காவது நின்றான். பள்ளி அணியில் இடம் கிடைக்காதவனுக்கும் அன்று மாலையே தெருவில் ஆட்டம் இருந்தது. இன்று தெருக்கள் வாகனங்களுக்கு உரியவை. அந்தி சாய்ந்தபின் பிள்ளைகளை வெளியே விட எந்தத் தாய்க்கும் மனம் வராது. புதன்கிழமை நடக்கும் பள்ளி ஆட்டம் ஒன்றுதான் பல பிள்ளைகளுக்கு வாரத்தில் கிடைக்கும் முழு ஆட்டம். அதிலும் உட்காரவைத்தால் அவர்கள் எங்கே போய் ஆடுவார்கள்?

நிறத்தின் பெயரால் மைதானத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நம் பெரியவர்கள். அதற்கு எதிராக, இனப் பிரிவில்லாத கால்பந்துக்காக 1951இல் தென்னாப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பைத் தொடங்கியவர்களில் இந்தியச் சங்கமும் ஒன்று. அந்த அநீதியையும் ஒரு பள்ளிப் பயிற்சியாளரின் தவறான தேர்வையும் ஒரே தட்டில் வைக்க நான் துணியமாட்டேன். ஆயினும், ஆட்டத்தைப் பார்க்க மட்டும் அனுமதிக்கப்பட்டவனின் மனம் எப்படியிருக்கும் என்பதை நமக்கு எவரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

விதியைச் செயல்படுத்துவது கடினம் என்று சொல்வார்கள். அதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு 25 நிமிடப் பாதியையும் நடுவில் ஒரு முறை நிறுத்தினால் ஆட்டம் நான்கு பகுதிகளாகும். பகுதிகளுக்கு இடையில் மட்டும் ஆள் மாற்றலாம். ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு பகுதிகளாவது ஆட வேண்டும். காயம், நோய், ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, பெயர்களுக்கு எதிரே கோடு கிழித்து, இரு பயிற்சியாளர்களும் கையெழுத்திட்டு நடுவரிடம் கொடுத்தால் போதும். எல்லா அணிகளும் ஒரே விதிக்குக் கட்டுப்படும்போது, எல்லாரையும் ஆடவிட்டதால் நாங்கள் மட்டும் தோற்றோம் என்ற மனக்குறைக்கும் இடமிராது.

நாங்கள் எட்டு அணிகளில் ஐந்தாவதாக முடித்தோம். அந்தக் குட்டைப் பையன் ஒரு கோலும் போடவில்லை. ஆனால் பருவத்தின் இறுதியில் பின்களத்தில் நின்றுகொண்டு, தன்னைவிட ஒரு முழம் உயரமானவர்களை "முன்னே வா, கோட்டைப் பிடி" என்று கூப்பிட்டு நிறுத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆட்டம் அவ்வளவு தெளிவாகக் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை, மூன்று வாரம் அவன் பக்கத்திலேயே நின்ற நான் அறிந்திருக்கவில்லை.

புதிய பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஆட்ட அட்டவணை வகுக்கும் கூட்டத்துக்கு முன்னதாக இந்தக் கோரிக்கையைப் பொறுப்பாசிரியர்கள் பேச்சுக்கு எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். பெற்றோரும் தங்கள் பள்ளிகளில் இதைக் கேட்க வேண்டும். கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஒவ்வொரு பிள்ளையும் ஆடிய நிமிடக் கணக்கு என் நோட்டுப்புத்தகத்தில் இருக்கிறது. முதல் மூன்று ஆட்டங்களின் பக்கத்தையும் நான் கிழிக்கவில்லை. கூட்டத்துக்கு அழைத்தால் அதை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி அணியின் பயிற்சியாளர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.