டிராக்டருக்கு ஆயில் வாங்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆவணி பிறந்து புழுதி உழவு தொடங்கிவிட்டது. ஆயில் மாற்ற வருகிறவர்களில் பலர் "நல்லா கெட்டியா இருக்கிற ஆயிலாக் குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்து, "இது தண்ணியால்ல இருக்கு" என்று ஒதுக்குபவர்களும் உண்டு. விரலில் படுவது கடைக்குள் இருக்கும் சூட்டில் உள்ள கெட்டித்தன்மை. உழவில் இருக்கும் இன்ஜினுக்குள் ஆயில் சுமார் நூறு டிகிரிச் சூட்டில் ஓடுகிறது. அங்கே அது எப்படி நிற்கும் என்பதை டின்னில் அச்சடித்திருக்கும் எண்தான் சொல்லும்.

15டபிள்யூ-40 என்பதில் முதல் எண் குளிர் நாட்டுக் கணக்கு. உறையும் குளிரில் இன்ஜின் சுழலுமா என்று பார்த்துக் கொடுப்பது. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் மார்கழிப் பனியில்கூட அந்தக் கவலை இல்லை. நமக்கு வேண்டியது பின்னால் வரும் 40. நூறு டிகிரியில் ஆயிலின் பிசுப்பு 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் (பிசுப்பை அளக்கும் அலகு) வரையிலான அளவுக்குள் இருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 இரண்டுமே இந்தச் சூட்டுக்குத் தாங்கும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் இன்ஜினின் மேலே வால்வைத் திறக்கும் ராக்கர் வரை சீக்கிரம் ஏறுவது 15டபிள்யூ. தேய்மானத்தில் கணிசமான பங்கு ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில விநாடிகளில்தான் நடக்கிறது. அதனால் வண்டியின் கைப்புத்தகத்தில் இரண்டும் போட்டிருந்தால் நாங்கள் 15-ஐத்தான் எடுத்துக் கொடுப்போம்.

எண்ணுக்கு அடுத்து ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியம் நிறுவனம்) தரம். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 'சி' என்று தொடங்குவது டீசலுக்கு, 'எஸ்' என்று தொடங்குவது பெட்ரோலுக்கு. சிஎஃப்-4 என்பது 1990-இல் வந்த தரம், சிஎச்-4 1998, சிஐ-4 2002. பின்னால் வந்த தரத்தில் கரியைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து கூடுதல். பழைய டிராக்டருக்குப் புதிய தரம் ஊற்றலாம். சிஐ-4 கேட்கும் வண்டிக்கு விலை மலிவு என்று சிஎஃப்-4 ஊற்றுவதுதான் வேண்டாம். பைக்குக்கு வாங்கி மிச்சமான 'எஸ்' ஆயிலை இன்ஜினில் சேர்ப்பதும் கூடாது. டீசல் கரியை அது தாங்காது. கரி கட்டிக்கொண்டு ஆயில் வழிகளை அடைக்கும். 2023 ஜனவரிக்குப் பிறகு வந்த 50 எச்பிக்கு மேற்பட்ட டிரெம்-4 (டிராக்டர் புகைக்கான அரசு விதி) வண்டி வைத்திருப்பவர்கள் கைப்புத்தகத்தைப் பார்க்காமல் எதையும் ஊற்ற வேண்டாம். புகைக்குழாயில் வடிகட்டி இருக்கும் மாடல்களுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். மாற்றி ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதன் விலை பல டின் ஆயிலின் விலை.

ஆயில் குடிக்கும் பழைய இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 கேட்கிறார்கள். நீலப்புகை கொஞ்ச நாள் குறையும், உண்மைதான். தேய்ந்த ரிங்கும் (பிஸ்டன் வளையம்) லைனரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உறை) அப்படியேதான் இருக்கும். ஒரு போகம் தள்ளலாம், அவ்வளவுதான்.

நம் பக்கத்துச் செம்மண் புழுதிக்கு எந்த ஆயிலும் தனியாக மருந்தாகாது. மண்ணில் உள்ள மணல்துகள் காற்றோடு உள்ளே போனால் ரிங்கையும் லைனரையும் அரைத்துவிடும். ஆயில் கிண்ணம் வைத்த ஏர் கிளீனர் என்றால், புழுதி உழவில் தினமும் கழற்றிப் பாருங்கள். அடியில் சகதி படிந்திருந்தால் கொட்டி, கழுவி, இன்ஜினுக்கு ஊற்றும் அதே புது ஆயிலைக் கோடு வரை ஊற்றுங்கள். கோட்டுக்கு மேல் ஊற்றினால் இன்ஜின் அதை உறிஞ்சி எரிக்கும், சில நேரம் அடங்காமல் ஓடவும் செய்யும். ஏர் கிளீனருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸில் ஒரு வெடிப்பு, ஒரு தளர்ந்த கிளிப் இருந்தால் இவ்வளவும் வீண்.

எத்தனை மணிக்கு ஒருமுறை? புது வண்டிக்கு முதல் மாற்றம் பெரும்பாலும் 50 மணியில். பிறகு பல மாடல்களுக்கு 250 மணி. சரியான கணக்கு உங்கள் புத்தகத்தில் இருக்கும். ரொட்டவேட்டரும் புழுதியுமாகவே ஓடினால் அதற்கும் முன்னதாக மாற்றுவது நல்லது. தண்ணீர் டேங்கர் இழுத்துக் குறைந்த தூரமே ஓடுகிற வண்டிக்கு மணி சேராவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சரியாகச் சூடேறாத இன்ஜினில் ஈரம் சேரும்.

மாற்றும்போது இன்ஜினைச் சற்றுச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, டிரெயின் போல்ட்டைக் கழற்றி நன்றாக வடிய விடுங்கள். வாசர் நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள். ஆயில் ஃபில்டரை விட்டுவிட்டு ஆயிலை மட்டும் மாற்றுவது, அழுக்குப் பாத்திரத்தில் புதுத் தண்ணீர் பிடிப்பதுதான். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, அது உட்கார்ந்த பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும், ஸ்பேனர் வேண்டாம். ஊற்றியதும் ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஓடவிட்டு, பிரஷர் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். பிறகு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் கோட்டைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் உள்ளே சுழலும் கிராங்க் தண்டு அடித்து நுரைக்கும். நுரைக்கு பேரிங்கைக் காக்கும் பலம் கிடையாது.

"ரெண்டு நாள்ல கருத்துப்போச்சு, ஆயில் டூப்ளிகேட்" என்ற புகார் அடிக்கடி வருகிறது. டீசல் இன்ஜினில் கருத்தால் அது கரியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். கவலைப்பட வேண்டியது வேறு. பாலைப்போல வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்குகிறது. ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். ஊற்றாமலே மட்டம் ஏறி டீசல் வாடை அடித்தால் பம்பிலோ இன்ஜெக்டரிலோ கசிவு. இரண்டிலும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பின்பக்க கியர் பெட்டிக்கு இன்ஜின் ஆயில் ஊற்றாதீர்கள். ஆயிலுக்குள் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிகளுக்கு அதற்கென்றே தனி ஆயில் உண்டு. மாற்றி ஊற்றினால் பிரேக் பிடிக்கும்போது கத்தும், பிறகு வழுக்கும்.

பழைய ஆயிலைக் கண்மாய்க் கரையிலோ ஊருணிப் பக்கமோ கொட்ட வேண்டாம். காலி டின்னிலேயே மூடிவைத்து, அனுமதி பெற்ற பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள். அப்படியே காலி டின்னைத் தூக்கிப்போடுவதற்கு முன் லேபிளைக் கிழித்துவிடுங்கள். போலி அடைப்பவர்களுக்கு முழு லேபிளுடன் இருக்கும் டின்தான் வேண்டும்.

கடைக்கு வரும்போது வண்டியின் மாடல், வருடம், ஹவர் மீட்டர் எண், கடைசியாக ஊற்றிய ஆயிலின் தரம் நான்கையும் ஒரு சீட்டில் எழுதி வாருங்கள். கைப்புத்தகம் தொலைந்திருந்தால் இன்ஜினில் உள்ள தகட்டைப் போனில் படம் எடுத்து வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
டிராக்டர் உதிரிபாகம் மற்றும் ஆயில் கடையினர்,
காரைக்குடி