ஆவணியில் வீடு தொடங்கவிருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மேலூர்
2025 ஜூலை

அன்புடையீர்,

வணக்கம். ஆடி மாதத்தில் யாரும் மனை போடுவதில்லை என்பதால், எங்கள் கட்டுமானப் பொருள் கடையில் சிமெண்டுக்கும் கம்பிக்கும் எம்-சாண்டுக்கும் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) விலை மட்டும் கேட்டுக்கொண்டு, ஆவணி பிறந்ததும் வருவதாகச் சொல்லிச் சென்றவர்கள் சுற்றுவட்டாரத்தில் பலர் இருக்கிறீர்கள். அப்போது வந்து நின்று, “இத்தனை ஆண்டுகளாக இல்லாத வழக்கம் இப்போது மட்டும் எதற்கு?” என்று நீங்கள் கேட்கும்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த மடலை முன்கூட்டியே எழுதுகிறோம்.

ஆவணி முதல் தேதியிலிருந்து, ஊராட்சிப் பகுதியில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளுக்குக் கடனில் பொருள் இறக்குவதற்கு முன், கட்டட அனுமதி ஆணையின் நகல் ஒன்றைக் கேட்டுப் பெறுவதென்று முடிவு செய்திருக்கிறோம். தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீடு கட்டுவோர் தங்கள் வேலை உத்தரவின் நகலைக் கொடுத்தால் போதும். ரொக்கத்துக்கு வாங்குவோரிடம் எதையும் கேட்கமாட்டோம்; ஆயினும், கீழே எழுதியிருப்பவை அவர்களுக்கும் பொருந்தும் என்பதால் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

எங்களை இந்த முடிவுக்குத் தள்ளிய நிகழ்ச்சி சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர், ஊரில் பொறுப்பிலிருந்த ஒருவர் “கட்டுங்கள், பார்த்துக்கொள்ளலாம்” என்று சொன்ன வாய்ச்சொல்லை நம்பிக் கடைக்கால் போட்டார். கடைக்கால் மேல் பெல்ட் கான்கிரீட் முடிந்து, சுவர் எழும்பி, கதவு ஜன்னலுக்கு மேலுள்ள லிண்டல் மட்டத்தை எட்டிய நேரத்தில், மனையின் பின்பகுதி நீர்நிலைப் புறம்போக்கில், அதாவது நீர்நிலைக்குரிய அரசு நிலத்தில், வருகிறது என்று சொல்லி வேலையை நிறுத்தும் அறிவிப்பு வந்தது. அன்று வாய்ச்சொல் தந்தவர் அந்த மனையின் பட்டாவையோ புல வரைபடத்தையோ பார்க்கவே இல்லை. இறக்கிய சிமெண்ட் மூட்டைகள் மழையில் கல்லாகின. எங்களுக்கு வரவேண்டிய பணம் நின்றுபோனது உண்மைதான். ஆனால், மகள் திருமணத்துக்கு முன் குடியேறிவிட வேண்டும் என்று நகையை அடகு வைத்துக் கட்டிய அந்தக் குடும்பம் வாடகை வீட்டிலேயே திருமணத்தை நடத்தியதுதான் இன்றுவரை எங்கள் மனத்தை உறுத்துகிறது. முதல் லோடு இறக்கியபோதே “அனுமதி வாங்கிவிட்டீர்களா?” என்று நாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அது எங்கள் தவறு.

இப்போது நிலைமை வேறு விதமாகவும் மாறியிருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அதன் பிறகு நம் மாவட்டத்தில் ஊராட்சி நிர்வாகம் தனி அலுவலர்களிடம், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர்களிடம், வந்திருக்கிறது. மதுரை மாவட்டத்தில் 420 கிராம ஊராட்சிகளும் 13 ஊராட்சி ஒன்றியங்களும் உள்ளன. சராசரி பார்த்தால் ஓர் ஒன்றியத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். அவ்வளவு ஊர்களின் பொறுப்பும் ஒருவர் மேசைக்குப் போகும்போது, தலைவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடித்த பழைய வழி இனி உதவாது. எழுத்தில் இருப்பது மட்டுமே உங்களைக் காக்கும்.

நல்ல செய்தி என்னவென்றால், சிறிய வீடுகளுக்கு எழுத்தில் அனுமதி பெறுவது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய சுயசான்றிதழ் முறையின்படி, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், தரைத்தளமும் முதல் தளமும் சேர்த்து 3,500 சதுர அடிக்குள் கட்டப்படும் குடியிருப்புக்கு, ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் முதலியவற்றைப் பதிவேற்றிக் கட்டணம் செலுத்தினால் அனுமதி உடனே கிடைக்கிறது. முன்னதாக யாரும் வந்து இடத்தைப் பார்வையிடுவதில்லை. கட்டி முடித்தபின் கட்டட நிறைவுச் சான்றும் தேவையில்லை. நம் வாடிக்கையாளர்கள் கட்டும் வீடுகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள் அடங்கிவிடும். கட்டணம் ஊராட்சிக்கு ஊராட்சி மாறுபடும்.

ஆனால், அதன் பெயரிலேயே ஒரு பொறுப்பும் இருக்கிறது. சான்று அளிப்பவர் நீங்கள்தான். கொடுத்த விவரம் பிழையென்று பின்னால் தெரிந்தால் அனுமதி ரத்தாகும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களே. ஆகவே பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதா, பத்திரத்திலுள்ள அளவும் நிலத்திலுள்ள அளவும் ஒத்துப்போகின்றனவா என்பவற்றை விண்ணப்பத்துக்கு முன்பே பாருங்கள். வரப்பை வைத்து அளவு சொல்லாமல், நில அளவையரை வைத்து அளந்து கல் ஊன்றிக்கொள்ளுங்கள். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் வாங்கியவர்கள், அது 2016 அக்டோபர் 20-க்கு முன் பத்திரம் பதிவான மனைதானா என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்த 2017-இல் வந்த வரன்முறை விதிகள் அந்தத் தேதியையே எல்லையாகக் கொண்டுள்ளன. வரன்முறை செய்யாத மனைக்குக் கட்டட அனுமதி கேட்பதில் பயனில்லை.

தெருவில் மணல், ஜல்லி கொட்டுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊராட்சிச் சாலையில் பாதியை அடைத்து லோடு இறக்கும்படி எங்கள் ஓட்டுநர்களை வற்புறுத்த வேண்டாம். மனைக்குள் இடம் ஒதுக்கித் தாருங்கள்.

இனி, நாங்கள் மிகுந்த அக்கறையுடன் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. வரும் ஆகஸ்ட் 15 கிராம சபை நாள். ஆவணி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பு. தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை, பிறகு எதற்குச் சபை என்று சிலர் பேசுவதைக் கடையிலேயே கேட்கிறோம். எங்கள் எண்ணம் நேர் எதிரானது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத காலத்தில் ஊரின் வரவு செலவைக் கேட்கவும், குடிநீர்க் குழாய் போகாத தெருவைச் சுட்டவும் நமக்கு மீதமிருக்கும் இடம் அது ஒன்றுதான். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 பேர் வரை 100 பேரும், 10,000 பேர் வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்தால்தான் சபை செல்லுபடியாகும். அந்த எண்ணிக்கையில் நாமும் ஒருவராக இருக்க வேண்டும். சபைத் தீர்மானத்தின் எடையை நம் மேலூர்ப் பக்கத்தாருக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் வருவதாக இருந்தபோது, 2024 நவம்பர் 23 கிராம சபையில் ஊரார் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

இணையத்தில் விண்ணப்பிக்கத் தெரியாதவர்கள் இ-சேவை மையத்தையோ தங்கள் பொறியாளரையோ நாடலாம். என்னென்ன ஆவணங்கள் தேவை என்பதை ஒரு தாளில் எழுதிக் கடையில் வைத்திருக்கிறோம். வேறு கடையில் பொருள் வாங்குபவர்களும் எடுத்துச் செல்லலாம். ஏற்கெனவே பாதி கட்டியிருக்கும் வீடுகளுக்குப் பழைய பற்று நோட்டின்படியே பொருள் தொடர்ந்து வரும்; நகல் கேட்கமாட்டோம்.

ஆகஸ்ட் 15 அன்று எங்கள் பணியாளர்கள் அனைவரும் அவரவர் ஊர்ச் சபைக்குச் செல்வதால், கடை பிற்பகல் 3 மணிக்குத்தான் திறக்கும். அன்று லோடு வேண்டியவர்கள் முதல் நாள் மாலைக்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்