உன் பியட்டுக்கும் பைப் மாற்று

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கானாடுகாத்தானில் எல்லாரும் சுகம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. கொட்டகையில் நிற்கும் பழைய பியட் காரைச் சித்திரைக்குள் ஓட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம். ஆனால் சக்கரங்களுக்குப் பிரேக் ஆயில் போகும் பைப்பைப் பார்க்காமல் எடுக்காதே.

போன மாதம் அப்பச்சியின் அம்பாசடரில் பிள்ளையார்பட்டி போய்த் திரும்பும்போது, மிதித்த பெடல் தரையோடு போய்விட்டது. அந்தக் காலத்து வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் சுற்று. ஓரிடத்தில் ஒழுகினால் நாலும் போச்சு. ஹேண்ட் பிரேக் தனிக் கம்பியில் இழுப்பது என்பதால், கியரைக் குறைத்து ஓரங்கட்ட முடிந்தது.

பின் அச்சில் பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில்தான் ஓட்டை. கிளிப்பைக் கழற்றினால் உள்ளே சேறு அப்பியிருக்கிறது. பைப் செதில் செதிலாக உரிந்து, நகம் பட்டாலே பொடிந்தது. கண்ணில் படும் இடமெல்லாம் நன்றாகவே இருந்தது. நம்முடையது வறண்ட சீமை, துரு எங்கே பிடிக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். எதிர் வீட்டு அண்ணன் காரைக்குடி சிக்ரியில், அதாவது மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், வேலை பார்த்தவர். காற்றுப் புகாமல் ஈரம் தங்கும் இடுக்கில்தான் இரும்பு முதலில் அரிக்கும் என்றார். உள்பக்கமும் அப்படித்தான், பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

பட்டறையில் ஓட்டை விழுந்த துண்டை மட்டும் வெட்டி, செம்புக் குழாய் வைத்து ஒட்டித் தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்றேன். வெறும் செம்பு வண்டி அதிர்வில் இறுகி ஒருநாள் விரிசல் விடும். ஒரு பைப் போனால் மற்றதற்கும் அதே வயதுதானே. ஒன்றரை நூல் ஸ்டீல் பைப், அதாவது 4.75 மி.மீ., மதுரையில் வாங்கி முழுக்க மாற்றினேன். நிக்கல் கலந்த செம்புப் பைப் கிடைத்தால் அதுவும் நல்லது, வளைக்கச் சுலபம்.

பழைய பைப்பை உடையாமல் கழற்றி வை, நீளத்துக்கும் வளைவுக்கும் அதுதான் அளவு. ரம்பத்தால் அறுக்காதே, பைப் கட்டரால் வெட்டிப் பிசிறை எடு. நட்டை முதலில் கோத்துவிட்டுப் பிறகு முனையை விரி. ஒற்றை பிளேர், அதாவது முனையை ஒரே சுவராக விரிப்பது, போதாது. ஸ்டீல் விளிம்பில் கீறிவிடும். பைப்பின் வாயை உள்ளே மடித்து இரட்டைச் சுவராக உட்கார வைக்க வேண்டும். கழற்றிய பழைய முனையைப் பார், அதே வடிவம் வரவேண்டும். உன் பியட்டில் மில்லிமீட்டர் மரை, எங்கள் அம்பாசடரில் இங்கிலீஷ் மரை. கடையில் கொடுத்ததை அப்படியே வலுக்கட்டாயமாக முறுக்கிவிடாதே.

ரப்பர் ஹோஸையும் சேர்த்து மாற்றிவிடு. வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே உப்பி வழியை அடைக்கும். ஆயில் புதிதாக ஊற்று: டாட் 3 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறியதும் 140க்கு இறங்கலாம். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவு. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தள்ளி இருக்கும் சக்கரத்திலிருந்து தொடங்கி, பைப்பில் சிக்கிய ஏரை எடுத்துக்கொண்டே வா. கடைசியில் பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடி; மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

முனையை விரிக்கும் பிளேர் டூல் என்னிடம் இருக்கிறது. பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ. அதுவரை வண்டி கொட்டகையிலேயே நிற்கட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்