வெட்டக் கொடுத்த பிஷப்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. தாத்தா ஆனதற்கு வாழ்த்துகள்! இங்கே எல்லோரும் நலம். மாடி வேலைதான் இழுத்துக்கொண்டே போகிறது. கொத்தனார் வந்தால் சிமெண்ட் இல்லை, சிமெண்ட் வந்தால் கொத்தனார் இல்லை.

போனில் இருக்கும் செஸ் இன்ஜினே, அதாவது நகர்த்தல்களைக் கணக்குப் போடும் புரோகிராமே, எல்லாம் சொல்லிவிடும்போது நாம் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தாய். எனக்கு செஸ் வீரர் ஷிரோவ் ஞாபகம்தான் வந்தது. 1998, ஸ்பெயினில் லினாரெஸ் போட்டி. நம் ஆனந்த் முதலிடம் பிடித்தாரே, அதேதான். டோபலோவ் என்ற வீரருக்கு எதிராக ஷிரோவ் கறுப்புக் காய்.

47-வது நகர்த்தல். ஷிரோவுக்கு நான்கு சிப்பாய், டோபலோவுக்கு இரண்டு. ஆளுக்கொரு பிஷப், ஆனால் ஒன்று வெள்ளைக் கட்டத்தில் ஓடுவது, மற்றது கறுப்பில். காய்கள் குறைந்துபோன இந்த மாதிரி எண்ட்கேமில் (கடைசிக் கட்ட ஆட்டத்தில்) இரண்டு சிப்பாய் கூட இருந்தும் டிரா ஆவது சகஜம், உனக்கே தெரியும். மனிதர் எஃப்5-இல் இருந்த பிஷப்பை எச்3-இல் கொண்டுபோய் வைத்தார் (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை). ஜி2 சிப்பாய் அதைச் சும்மா வெட்டலாம்!

அந்தக் காலத்துப் புரோகிராம்களுக்கு இது எட்டவில்லை. பிஷப் என்றால் சுமார் மூன்று சிப்பாய் மதிப்பு. அதைத் தானம் கொடுக்கிற நகர்த்தல் கணக்கில் அடிமட்டத்துக்குப் போய்விடும். பலன் தெரிவதோ பல நகர்த்தல் தள்ளி. அவ்வளவு ஆழம் போக அன்றைய கம்ப்யூட்டருக்கு வேகம் போதாது. 2020-இல் ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜினில், உதாரணங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க்கைச் சேர்த்த பிறகு, நிலையை எடைபோடும் விதமே மாறிவிட்டது. என் போனில் போட்டபோது முதலில் வேறு எதையோ காட்டிவிட்டு, அப்புறம் எச்3-க்கு வந்தது.

சரி, வந்தது. ஏன் என்று சொன்னதா? மைனஸ் போட்டு ஒரு எண் (கறுப்புக்குச் சாதகம் என்று அர்த்தம்), பின்னால் நகர்த்தல்களின் வரிசை. அவ்வளவுதான். பிஷப் இ4-க்குப் போனாலும் ஜி2 சிப்பாயைத் தாக்குகிறதே, அங்கே ஏன் போகவில்லை என்று நானே கேட்டுக்கொண்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த இ4 கறுப்பு ராஜாவுக்கு வேண்டிய கட்டம். அதில் பிஷப் நின்றால் ராஜா எங்கே போவார்? எஃப்5-ம் காலியாக வேண்டும், ஒரு நகர்த்தல்கூட வீணாகவும் கூடாது. எச்3 இரண்டையும் செய்கிறது: எஃப்5 காலி, ஜி2-வைத் தாக்குவதால் வெள்ளை உடனே பதில் சொல்லியாக வேண்டும். டோபலோவ் வெட்டினார். கறுப்பு ராஜா எஃப்5, அடுத்து இ4. வெள்ளை ராஜாவால் குறுக்கே வந்து நிற்க முடியவில்லை. ராணியாக மாற ஓடும் ஏ வரிசைச் சிப்பாயையும் டி வரிசைச் சிப்பாயையும் ஒற்றை பிஷப்பால் தடுக்க முடியாமல் 53-வது நகர்த்தலோடு தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அதே வருஷம் கிராம்னிக் என்ற வீரரை ஜெயித்து, உலக சாம்பியன் பட்டத்துக்காகக் காஸ்பரோவோடு மோதும் உரிமையைப் பெற்றார் ஷிரோவ். அந்த மேட்ச் நடக்கவே இல்லை. எனக்கு இன்றும் அது ஆறாது.

உனக்கு ஒரு வேலை. வெள்ளையில் ராஜா ஜி1, பிஷப் சி3, சிப்பாய்கள் ஜி2, எச்4. கறுப்பில் ராஜா இ6, பிஷப் எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6. பிஷப்பை வெட்டாமல் டோபலோவ் ராஜாவை எஃப்2-க்கு நகர்த்தியிருந்தால் ஷிரோவ் எப்படி ஜெயிப்பார்? இன்ஜினைத் திறக்காமல் பலகையில் வைத்துப் பார்த்து எழுது. குழந்தைக்கு என்ன பெயர் என்பதையும் எழுது.

உன்,
சுந்தரம்