பன்றிக்குட்டிக்கு வீவக வீடு கொடுத்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேல்நாட்டுத் தேவதைக் கதைகளைச் சிங்கப்பூருக்கு இழுத்துவந்து வேடிக்கையாகச் சொல்வது பாலர் பள்ளிகளிலும் நூலகங்களிலும் நல்ல வரவேற்பைப் பெறும். ஆனால் பெயரையும் ஊரையும் மாற்றினால் கதை நம்மூர்க் கதையாகிவிடும் என்று நினைப்பவர்களின் கதை பாதியிலேயே படுத்துவிடும். கதை எந்த அச்சில் சுழல்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூன்று பன்றிக்குட்டிகளை எடுத்துக்கொள்வோம். வைக்கோல், குச்சி, செங்கல் மூன்றும் ஓலை வேய்ந்த அத்தாப்புக் குடிசை, பலகை வீடு, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடு என்று அழகாக மாறும். ஓநாயின் மூச்சுக்கு, விடியற்காலையில் சன்னலை அடிக்கும் சுமத்ரா காற்று இருக்கிறது. சிக்கல் கடைசியில்தான். மூலக் கதையில் ஓநாய் புகைபோக்கி வழியே இறங்கிக் கொதிக்கும் பானையில் விழும். வீவக வீட்டில் புகைபோக்கிக்கு எங்கே போவது? வழி தெரியாமல் "ஓநாய் ஓடிப்போச்சு" என்று முடித்தால் பிள்ளைகளுக்குச் சப்பென்று ஆகிவிடும். பழைய புளோக்குகளில் சமையலறையிலேயே குப்பைக் குழாய் உண்டு. ஓநாய் கீழேயிருந்து அதில் ஏறட்டும். மூன்றாவது மாடியில் கெட்டுப்போன மீன் குழம்பு, ஆறாவது மாடியில் டுரியான் தோல், ஒன்பதாவது மாடியில் குழந்தையின் டயப்பர்! ஒன்றைவிட ஒன்று மோசமாக இருக்க வேண்டும். டயப்பரை முதலில் கொட்டிவிட்டால் அப்புறம் சிரிக்க ஒன்றும் இருக்காது. குட்டிகளைக் குழாய்க்குள் எட்டிப் பார்க்க வைக்காதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளும் எட்டிப் பார்ப்பார்கள்.

முஸ்லிம் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் பன்றியை ஆடாக்கிக்கொள்ளலாம். கதைக்குச் சேதமில்லை, ஆடு தன் வீட்டுக் கூரையைத் தானே மேயும் வேடிக்கையும் கூடவே வரும்.

சின்ட்ரெல்லாவில் இடறும் இடம் வேறு. நள்ளிரவு எளிது, கடைசி எம்ஆர்டி ரயிலை வைத்துக்கொள்ளலாம். அரண்மனை விருந்து ஒரு புதுமனை புகுவிழா ஆகட்டும். வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகளில் ஒன்று தொலைவது நம் வீடுகளில் அதிசயமே இல்லை. ஆனால் 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ வெளியிட்ட கதையில் கண்ணாடிச் செருப்பு ஒருத்தி காலுக்குத்தான் பொருந்தும். அதைத் தேக்கா கடையில் வாங்கிய ரப்பர் சிலிப்பர் ஆக்கினால் பாதித் தீவுக்குப் பொருந்திவிடும், கதை செத்தது. வார் அறுந்து ஊக்கு குத்திய சிலிப்பர் என்று மாற்றுங்கள். மற்றவர்கள் போட்டால் ஊக்கு குத்தும். பழகியவளுக்குத்தான் எந்த விரலைத் தூக்கி நடப்பது என்று தெரியும்.

ஹான்சல், கிரெட்டலில் வழி அடையாளத்துக்குப் பிள்ளைகள் போட்ட ரொட்டித் துணுக்கை மைனா தின்பதில் பிரச்சினையே இல்லை. குப்பை போட்டதற்கு அபராதம் எழுத அதிகாரி வருவது கூடுதல் சிரிப்பு.

சொல்லும் முறைக்கு வருவோம். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் போதும். அதில் உள்ளூர் வேடிக்கை மூன்றைத் தாண்டினால் கதை மறந்துபோகும். பேச்சுவழக்கு உரையாடலில் வரட்டும். வருணனை குட்டி வாக்கியங்களாக இருக்கட்டும். திரும்பத் திரும்ப வரும் வசனம் ஒன்று கட்டாயம் வேண்டும்: "திறந்தால் தின்பேன், திறக்காவிட்டால் ஊதுவேன்!" முதல் முறை நீங்களே முழுதாகச் சொல்லுங்கள். இரண்டாம் முறை "திறக்காவிட்டால்..." என்று நிறுத்துங்கள். மூன்றாம் முறை வாயைத் திறக்கவே வேண்டாம், பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். வீட்டில் தமிழ் குறைவாகப் பேசும் பிள்ளைகூட அந்த ஒரு வரியோடு வீட்டுக்குப் போகும். ஆளுக்கு ஆள் வசனத்தை மாற்றிக்கொண்டே போகும் கதைசொல்லிகள் இதைக் கெடுத்துவிடுகிறார்கள்.

தமிழ்மொழி விழாவுக்குக் கதைசொல்லிகளை அழைக்கும் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒத்திகையில் தொடக்கத்தைக் கேட்க வேண்டாம். கடைசி இரண்டு நிமிடத்தை முதலில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அங்கே தடுமாறினால் திருத்திக்கொள்ள அவருக்கு நாள் கொடுங்கள்.

இப்படிக்கு,
சிறுவர் கதைசொல்லிகள் சிலர்,
சிங்கப்பூர்