வள்ளத்தில் வரும் நத்தார் பாப்பா

பாலையூற்று, திருகோணமலை
மார்கழி 7

அன்புள்ள மச்சான்,

உன் கடிதமும் படமும் கிடைத்து ஒரு கிழமையாகிறது. இங்கே மூன்று நாளாக விடாத மழை. வாடை பலமாக வீசுவதால் டச்சுக்குடாப் பக்கம் வள்ளங்களைக் கரையில் ஏற்றிவிட்டார்கள். எனக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, வேறு குறையில்லை. மனிசி உன்னையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னா.

படத்தில் உன் பேத்தி அடுப்படிக்குப் பக்கத்தில் சப்பாத்தை வைத்து, அதற்குள் கரட் ஒன்றையும் செருகிவிட்டு நிற்கிறாள். மார்கழித் தொடக்கத்தில் அங்கே பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவரும் சிந்தர்கிளாசின் வெள்ளைக் குதிரைக்கு அந்தக் கரட் என்று நீ எழுதியதை வாசித்தபோது மனம் நிறைந்துவிட்டது. போர்த்துக்கேயர் 1624இல் கட்டிய நம் கோட்டையைப் பிறகு பிடித்து வைத்திருந்த ஒல்லாந்தரின் நெதர்லாந்து நாட்டில் இன்று உன் பேத்தி குதிரைக்குத் தீனி வைக்கிறாள். காலம் எங்கெங்கே கொண்டுபோய் விடுகிறது, பார்.

சிந்தர்கிளாசோடு வரும் வேலைக்காரன் பீற் பற்றி உன் அயலில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது என்று எழுதியிருந்தாய். முகம் முழுக்கக் கறுப்பு மை, சுருட்டைத் தலைமயிர், தடித்த சிவப்பு உதடு என்று இருந்த வேலைக்காரன் இப்போது பல ஊர்களில் கன்னத்தில் புகைக்கரி மட்டும் பூசிக்கொண்டு வருகிறான் என்றாய். மாற்றியது சரி என்பதுதான் என் எண்ணம். பரம்பரை வழக்கத்தில் கை வைக்கலாமா என்று உன் பக்கத்து வீட்டுக் கிழவர் கேட்கிறார். ஆனால் சிந்தர்கிளாசுக்கு நீராவிக் கப்பலையும் அந்த வேலைக்காரனையும் கொடுத்தது 1850இல் ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதிய சிறுவர் நூல். ஒரு வாத்தியார் சேர்த்ததை இன்னொரு தலைமுறை திருத்தக்கூடாதா? நானும் முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவன். நாங்கள் சொல்லிக்கொடுத்ததில் திருத்த வேண்டியவை எத்தனை இருந்தன என்று எனக்குத் தெரியும்.

சரி, இங்கத்தைய கதைக்கு வருகிறேன். இந்த முறை ஊர் நத்தார் விழாவில் நத்தார் பாப்பாவின், அதுதான் கிறிஸ்மஸ் தாத்தாவின், பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். பழைய பிளாஸ்ரிக் முகமூடி உனக்கு நினைவிருக்கும். ரோஸ் நிறக் கன்னம், நீலக் கண், பஞ்சுத் தாடி. மார்கழிப் புழுக்கத்தில் அதற்குள் முகத்தை வைத்தால் மூச்சு முட்டும். சின்னப் பிள்ளைகள் கிட்ட வந்ததும் வீரிட்டு அழுவார்கள். அதைத் திரும்ப எடுக்க வேண்டாம் என்று பெடியள் சொன்னதும் நான் உடனே தலையாட்டிவிட்டேன். வேறு எப்படிச் செய்வது என்ற பேச்சில்தான் நாலு கூட்டம் போனது.

அதற்காக நான் கொஞ்சம் வாசித்தேன். சிந்தர்கிளாசுக்கும் நத்தார் பாப்பாவுக்கும் மூலமான புனிதரின் திருநாள் நேற்று, 6ஆம் திகதி. மீராவின் ஆயர் நிக்கொலாஸ், நாலாம் நூற்றாண்டுக்காரர். மீரா இப்போது துருக்கியில் டெம்ரே என்ற ஊர். அவருடைய எலும்புகளை 1087இல் இத்தாலியின் பாரி ஊர்க் கப்பல்காரர் எடுத்துப் போனார்கள். கடலில் போகிறவர்களுக்கு அவர்தான் பாதுகாவலர். துறைமுக ஊரில் பிறந்து வளர்ந்தும் இது எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. நமக்கு வந்தது பனியில் சறுக்கும் வண்டிக்காரர் மட்டும்தான்.

அந்த வண்டி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒல்லாந்தர் குடியேறிய நியூயோர்க்கில் அவர்களுடைய சிந்தர்கிளாஸ் என்ற பெயர் மருவி சாண்டா குளோஸ் ஆனது. 1823இல் அங்கே ஒரு பத்திரிகையில் வந்த பாட்டில் அவர் எட்டு மான் பூட்டிய வண்டியில் வரும் தடித்த குள்ளக் கிழவர். ஆயரின் அங்கியும் செங்கோலும் போய்விட்டன. 1863இல் தோமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் அவருக்கு அமெரிக்கக் கொடியையே சட்டையாக்கி, உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் முகாமில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு கனத்தது. போர் எல்லாரையும் ஏதாவது ஒரு பக்கத்தில் நிற்கச் சொல்லும் என்பதை நம்மைப்போல் யார் அறிவார்? 1931இலிருந்து கொக்கா கோலா விளம்பரத்துக்கு ஹடன் சண்ட்புளோம் வரைந்த சிரித்த முகம்தான் நம் பிளாஸ்ரிக் முகமூடியின் மூலம். சிவப்பு உடுப்பு அதற்கு முன்பே இருந்தது. அந்த முகத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது சோடாக் கொம்பனி.

உடுப்பும் உருவமும் மாறியதில் எனக்குக் கோபம் இல்லை. என் மனதை அரிப்பது வேறு ஒன்று. சில வருடங்களுக்கு முன் ஒரு நத்தார் ஒன்றுகூடலுக்குப் போயிருந்தேன். தாய் தகப்பன் கொடுத்து வைத்த பரிசுகளை நத்தார் பாப்பா ஒலிவாங்கியில் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளையிடமும் ‘நீ நல்ல பிள்ளையா இருந்தியா?’ என்று கேட்டார். ஒருவனுக்கு பற்றறியில் ஓடும் பெரிய கார். அடுத்து வந்தவனுக்கு ஒரு பென்சில் பெட்டி. அவன் அதைப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, ‘சேர், நான் இந்த வருசம் குழப்படி ஒண்டும் செய்யேல்லையே?’ என்று கேட்டான். நான் என்ன பதில் சொல்ல? அவனுடைய தகப்பன் கூலி வேலைக்காரர். பிள்ளையோ குறை தன்னில்தான் என்று நினைத்துவிட்டான்.

நிக்கொலாசின் பழைய கதையில் அப்படி ஒரு கேள்வியே இல்லை, மச்சான். சீதனம் கொடுக்க வழியில்லாத ஒரு தகப்பன், மூன்று பெண் பிள்ளைகள். நிக்கொலாஸ் இரவில் வந்து யன்னலுக்குள்ளால் பொற்காசு முடிச்சைப் போட்டுவிட்டு இருட்டில் போய்விடுகிறார். அந்தப் பிள்ளைகள் நல்லவர்களா என்று அவர் விசாரிக்கவில்லை. கொடுத்தவர் யார் என்று தெரியாதபடி பார்த்துக்கொண்டார். சீதனத்துக்காக வீட்டை ஈடு வைத்த ஆட்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கதையை யாரும் ஏன் சொல்லவில்லை?

விளம்பரம் என்றால் எல்லாம் கெட்டது என்றும் சொல்ல மாட்டேன். சிவந்த மூக்கு மான் ருடோல்ப் 1939இல் சிக்காகோவில் ஒரு கடை இலவசமாகக் கொடுத்த சிறு புத்தகத்தில் பிறந்தது. அதை எழுதிய ரொபேட் மே அந்தக் கடையின் ஊழியர். அவருடைய மனைவி புற்றுநோயில் கிடந்து அதே வருடம் இறந்துபோனா. நாலு வயது மகளுக்கு ஒவ்வொரு பகுதியாக வாசித்துக் காட்டி அதை எழுதி முடித்திருக்கிறார். மற்ற மான்கள் கேலி செய்து ஒதுக்கிய மான்தான் பனிப்புகாரில் வழி காட்டுகிறது. கடை வியாபாரத்துக்குக் கேட்டது, அந்த மனிதர் தன் துயரத்தில் இருந்து கொடுத்தது.

மான் என்றதும் நம் கோட்டை மான்கள் நினைவு வருகிறது. இப்போதும் நகரத்துக்குள் திரிகின்றன. குப்பையில் பொலித்தீன் பைகளை இழுத்துத் தின்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. வண்டிக்கு இந்த முறை புள்ளிமான் கீறலாம் என்று ஒரு சிறுமி கூட்டத்தில் சொன்னாள். ‘எங்கட மான் இருக்க ஏன் வேற ஊர் மான்?’ என்று கேட்டாள். யாருக்கும் மறுக்க மனம் வரவில்லை.

அப்புறம் அதே சிறுமியின் அண்ணன், வண்டியே வேண்டாம், வள்ளத்தில் வரட்டும் என்றான். புள்ளிமான் கரையில் நின்று வரவேற்கட்டுமாம். அவர் கடல்காரரின் புனிதர் என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான், ஆனாலும் எனக்குத் தயக்கம் வந்தது. நத்தாருக்கு மறுநாள்தானே 2004இல் கடல் ஊருக்குள் வந்தது. அந்தக் கடலில் இருந்து ஒருவர் சிரித்துக்கொண்டு பரிசோடு இறங்குவதை எல்லாராலும் பார்க்க முடியுமா? கூட்டத்தில் ஓர் அக்கா இருந்தா. அன்று மகனைப் பறிகொடுத்தவ. எல்லாரும் அவவின் முகத்தைப் பார்த்தோம். அவ சொன்னா: ‘கடல் எடுத்ததைத்தான் இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு இருக்கிறம். ஏதாவது கொண்டும் வரட்டுமே.’ அதோடு வள்ளம் முடிவாகிவிட்டது.

குடிலிலும் சின்ன மாற்றம் உண்டு. மூவிராசாக்களில் ஒருவருக்கு வேட்டி சால்வை கட்டுகிறார்கள். மத்தேயு நற்செய்தியில் மூன்று பேர் என்றும் இல்லை, இராசாக்கள் என்றும் இல்லை, கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் என்றுதான் இருக்கிறது. கிழக்கு மாகாணத்துப் பிள்ளைகள் அதில் உரிமை கேட்டால் கொடுக்க வேண்டியதுதான்.

பரிசு விஷயத்தில் நான் ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். மேடையில் பெயர் கூப்பிடுவதில்லை. எல்லாம் ஒரே மாதிரிச் சாக்குப் பையில், நத்தாருக்கு முந்தின இரவு, வாசலில். யார் வைத்தது என்று யாரும் சொல்லக்கூடாது.

இதை ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொன்னேன் என்று உனக்கு மட்டும் எழுதுகிறேன். என் அப்பா செத்த வருடம் நினைவிருக்கும். நமக்குப் பதினொரு வயது. அந்த நத்தாருக்கு வீட்டில் கேக் இல்லை, புது உடுப்பு இல்லை, அம்மா குடிலும் வைக்கவில்லை. விடிய எழும்பிப் பார்த்தால் திண்ணையில் ஒரு சாக்கு. அரிசி, ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய், தங்கச்சிக்குச் சீத்தைத் துணி, எனக்கு ஒரு சோடி செருப்பு. செருப்பு அளவாக இருந்தது. யார் என்று தேடிப் போகக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டா. சாகும்வரை அதைப் பற்றி அவ ஒரு சொல்லும் பேசவில்லை.

சாக்கின் வாய் நைலோன் நூலால் கட்டியிருந்தது. அவிழ்க்க முடியாமல் கத்தி எடுத்து வெட்டினோம். அந்த மாதிரி முடிச்சை நான் பிறகு ஒரே ஓர் இடத்தில் கண்டிருக்கிறேன். உங்கள் வீட்டு வேலியோரம் இருந்து உன் அப்பா வலை பொத்தும்போது. அன்றைக்கு நீ போட்டிருந்த செருப்பும் என் அளவுதான்.

உனக்கு ஏதாவது தெரியுமா, மச்சான்? தெரிந்தால் எழுது. தெரியாவிட்டாலும், அந்த முடிச்சை எப்படிப் போடுவது என்று நினைவிருந்தால் ஒரு தாளில் கீறி அனுப்பு. 24ஆம் திகதிக்கு முன் வந்தால் போதும். பெடியளுக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

பேத்திக்கு என் முத்தங்கள்.

உன் கூட்டாளி